ஏரி வாரியம் முதல் டாவோ வரை: பொது உரிமையைக் கற்பித்தல்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் உள்ள பாரூர்ப் பகுதியில் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். எங்கள் மாணவர்களின் பெற்றோரில் ஒரு பகுதியினர் விவசாயிகள். மற்றொரு பகுதியினர் ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் வளாகங்களுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வகை வீடுகளிலும் இன்று திறன்பேசி இருக்கிறது. அதன் வழியே பிட்காயின், டோக்கன், பிளாக்செயின் போன்ற சொற்களும் வீட்டுக்குள் வந்துவிட்டன. "இந்த டோக்கனை வாங்கினால் நீங்களும் உரிமையாளர்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அது உண்மையா என்று ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் கேட்கிறார்கள். சில பெற்றோரும் கேட்கிறார்கள்.

"அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் கேள்வியின் உள்ளே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பலர் சேர்ந்து ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்வது என்றால் என்ன? யார் முடிவெடுப்பது? யார் கணக்கு பார்ப்பது? குடிமையியல், வரலாறு, கணக்கு ஆகிய மூன்றையும் இணைத்து இதை நடத்த முடியும். அப்படி நான் வகுப்பில் நடத்திவரும் முறையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

டாவோ என்றால் என்ன?

பரவலாக்கப்பட்ட தன்னாட்சி அமைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே டாவோ. மூன்று சொற்களையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் மாணவர்களுக்கு எளிதில் புரிகிறது.

பரவலாக்கப்பட்ட: அமைப்பின் கணக்கேடு ஓர் அலுவலகத்தின் பீரோவில் இருப்பதில்லை. ஒரே ஏட்டின் நகல் பல நாடுகளில் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும். ஒரு நகலில் யாராவது கை வைத்தால் மற்ற நகல்கள் அதை ஏற்காது. இந்த ஏட்டுக்குத்தான் பிளாக்செயின் என்று பெயர்.

தன்னாட்சி: அமைப்பின் விதிகள் கணினி நிரலாக எழுதப்பட்டிருக்கும். நிபந்தனை நிறைவேறியதும் நிரல் தானாகவே பணத்தை அனுப்பும். கையெழுத்துப் போடத் தலைவரோ செயலாளரோ தேவையில்லை.

அமைப்பு: பணம் போட்டவர்களுக்கு டோக்கன் கிடைக்கும். டோக்கன் வைத்திருப்பவர்கள் முன்மொழிவுகள் மீது ஓட்டுப் போடுவார்கள். பெரும்பாலான டாவோக்களில் டோக்கனுக்கு ஓர் ஓட்டு. அதாவது அதிக டோக்கன் வைத்திருப்பவருக்கு அதிக ஓட்டு.

"தானாக ஓடும் விதி" என்பதற்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. பால் சொசைட்டியில் பரிசோதனைக் கருவி பாலின் கொழுப்பையும் இதர திடப்பொருள்களையும் அளந்து சொல்கிறது. விலைப்பட்டியலின்படி தொகை வந்துவிடுகிறது. அங்கே பேரமும் இல்லை, முகம் பார்த்துக் கொடுப்பதும் இல்லை. மாணவர்கள் காலையில் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள் என்பதால் இது உடனே பிடிபடுகிறது. அதோடு ஒரு துணைக்கேள்வியும் கேட்பேன்: "கருவி விலையைக் கணக்கிடும். விலைப்பட்டியலை எழுதியது யார்?" பாடம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

நமக்குத் தெரிந்த மூன்று பொது அமைப்புகள்

முதலாவது, ஏரி. தென்பெண்ணையாற்றின் நெடுங்கல் தடுப்பணையிலிருந்து பாரூர் பெரிய ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. கிழக்கு, மேற்குக் கால்வாய்களின் வழியே ஏறத்தாழ 2,400 ஏக்கர் பாசனம் பெறுகிறது. ஏரி அரசின் சொத்து. தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமை ஆயக்கட்டு விவசாயிகளுக்கு. பாசன நிர்வாகத்தில் விவசாயிகளுக்குப் பங்கு தருவதற்காக இயற்றப்பட்டது தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம், 2000. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அதன்படி அமைந்தவை. ஆக, "ஏரி நம்முடையது" என்ற ஒரு வாக்கியத்துக்குள் மூன்று உரிமைகள் இருக்கின்றன: சொத்துரிமை, பயன்பாட்டு உரிமை, நிர்வாக உரிமை. இந்தப் பிரிவைக் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டோக்கனைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

இரண்டாவது, கூட்டுறவுச் சங்கம். இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 1844இல் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் தொடங்கிய கடை, உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு முன்மாதிரி ஆனது. இந்தியாவில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் வேளாண் கடன் சங்கம் உருவானது. கூட்டுறவின் அடிப்படை விதி, ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் பால் சொசைட்டியில் ஓட்டு ஒன்றுதான்.

மூன்றாவது, மகளிர் சுய உதவிக் குழு. இதில் எங்கள் பகுதிக்குத் தனிப் பெருமை உண்டு. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை நாங்கள் தருமபுரி மாவட்டத்தில் இருந்தோம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் சுய உதவிக் குழுத் திட்டத்தை முதலில் தொடங்கியது அந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். பின்னர் அது மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. 12 முதல் 20 பெண்கள், மாதச் சேமிப்பு, தீர்மானப் புத்தகம், எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படும் கணக்கு, ஊக்குநர், பிரதிநிதிகள் என்ற அமைப்பு நம் மாணவர்களின் அம்மாக்களுக்கு நன்கு தெரிந்தது. கடன் யாருக்கு என்பதை வட்டமாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். நிரலோ டோக்கனோ இல்லாமல், தலைமை ஒருவர் கையில் குவியாமல் நடக்கும் அமைப்பு இது.

நான்கு கேள்விகள்

எந்தப் பொது அமைப்பைப் பற்றிப் பேசினாலும் மாணவர்களை நான்கு கேள்விகள் கேட்கப் பழக்குகிறேன்.

1. யார் உறுப்பினர்? யார் வெளியே நிற்கிறார்கள்?
2. ஓட்டு ஆளுக்கா, பணத்துக்கா?
3. கணக்கை யார் பார்க்கலாம்?
4. விதி தவறாகப் போனால் அதைத் திருத்துவது யார்?

டாவோவைப் புகழ்பவர்கள் மூன்றாம் கேள்விக்கு மிக நல்ல பதில் வைத்திருக்கிறார்கள்: கணக்கை உலகமே பார்க்கலாம். முதல் இரண்டு கேள்விகளுக்கும் நான்காவது கேள்விக்கும் அவர்கள் தரும் பதிலில்தான் சிக்கல் இருக்கிறது. இதை விளக்க நான் இரண்டு வரலாற்று நிகழ்வுகளை அடுத்தடுத்து வைக்கிறேன்.

கல்லில் வெட்டியும் திருத்தப்பட்ட விதி

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நம் எல்லோருக்கும் தெரிந்தவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படி அமைந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிட முடியாது.

இதுவரை பாடநூலில் உள்ளது. நான் கூடுதலாகக் கவனப்படுத்துவது, கல்வெட்டுகள் இரண்டு என்பதை. முதல் கல்வெட்டில் உறுப்பினரின் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில் வந்த அடுத்த கல்வெட்டில் அது 35 முதல் 70 ஆகிறது. எல்லோரும் காணும்படி கல்லில் வெட்டிய விதியையே இரண்டு ஆண்டுகளில் திருத்தியிருக்கிறார்கள். திருத்துவதற்கு ஒரு சபை இருந்தது, அரசனின் அதிகாரியும் உடன் இருந்தார்.

அதே கல்வெட்டை முதல் கேள்வியால் சோதித்தால் வேறொரு பக்கம் தெரிகிறது. சொந்த நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கே தகுதி. நிலமற்றவர்களுக்கும் பெண்களுக்கும் இடமில்லை. பிற்காலத் தமிழக ஏரிகளிலும் இது தொடர்ந்தது. மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் கட்டிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். ஏரியை நன்கு அறிந்த அவர்களுக்கு ஏரி பற்றிய முடிவில் குரல் இருந்ததில்லை. பொது என்ற சொல் எல்லோரையும் குறிப்பதாக நாமே நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதை மாணவர்கள் இங்கே உணர்கிறார்கள்.

நிரலில் எழுதிய விதி

2016 ஏப்ரல் இறுதியில் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் பெயரே "தி டாவோ". உறுப்பினர்கள் போட்ட பணத்தை எந்தத் திட்டத்தில் முதலீடு செய்வது என்று ஓட்டெடுத்து முடிவு செய்வது அதன் நோக்கம். நான்கு வாரங்களில் ஏறத்தாழ 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் நாணயம் சேர்ந்தது. "நிரலே சட்டம்" என்பது இந்த வட்டாரத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட வாசகம்.

அந்த நிரலில் ஒரு பிழை இருந்தது. உறுப்பினர் ஒருவர் தன் பங்கை எடுக்கும்போது, நிரல் முதலில் பணத்தை அனுப்பிவிட்டு அதன் பிறகே அவர் கணக்கில் கழித்தது. கழிப்பதற்குள் மீண்டும் கேட்டால் மீண்டும் அனுப்பியது. 2016 ஜூன் 17 அன்று ஒருவர் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டு, சுமார் 36 லட்சம் ஈதரை வெளியே எடுத்தார். நிரலின் விதியை அவர் மீறவில்லை, விதி அனுமதித்ததைச் செய்தார். உறுப்பினர்கள் எல்லோரும் கணக்கேட்டில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வெளிப்படையான கணக்கு இருந்தும் திருட்டு நிற்கவில்லை.

நான்காவது கேள்வி இப்போது எழுந்தது. நிரலே சட்டம் என்றால் எடுத்தவருக்கே பணம் சொந்தம். அநியாயம் என்றால் யாராவது தலையிட்டு ஏட்டைத் திருத்த வேண்டும். பல வாரங்கள் வாதாடிய பின், 2016 ஜூலை 20 அன்று எத்தீரியம் சமூகத்தின் பெரும்பகுதியினர், பணம் உரியவர்களுக்குத் திரும்பும்படி ஏட்டை மாற்றினார்கள். ஏற்காதவர்கள் பழைய ஏட்டையே தொடர்ந்தார்கள். ஒரே ஏடு இரண்டாகப் பிரிந்தது. பழையது இன்றும் எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் இருக்கிறது.

விதி தானாக ஓடலாம். ஆனால் அது தானாகத் தன்னைத் திருத்திக்கொள்ளாது. உத்திரமேரூரில் திருத்துவதற்கான சபை முன்கூட்டியே இருந்தது. தி டாவோவில் ஆபத்து வந்த பிறகுதான் அப்படியொரு சபையைத் தேட வேண்டியிருந்தது. மாணவர்கள் இந்த வேறுபாட்டைத் தாங்களே சொல்லும்வரை நான் காத்திருப்பேன்.

ஓட்டு இருந்தது, சொத்து இல்லை

இன்னொரு நிகழ்வு 2021 நவம்பரில் நடந்தது. 1787இல் அச்சான அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதல் அச்சுப் படி ஒன்று ஏலத்துக்கு வந்தது. அதைப் பொதுமக்கள் சேர்ந்து வாங்க வேண்டும் என்று "கான்ஸ்டிட்யூஷன் டாவோ" என்ற அமைப்பு உருவாகி, ஒரு வாரத்துக்குள் 17,000க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து ஏறத்தாழ 4.7 கோடி டாலர் திரட்டியது. நவம்பர் 18 அன்று நடந்த ஏலத்தில் ஒரு பெரும் செல்வந்தர் 4.32 கோடி டாலருக்கு அதை வாங்கினார். வாங்கிய பின் பாதுகாக்கவும் வரி கட்டவும் பணம் ஒதுக்க வேண்டியிருந்ததால் டாவோவால் அதற்கு மேல் போக முடியவில்லை. அதனிடம் எவ்வளவு இருக்கிறது என்பதோ எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இங்கே இரண்டு விவரங்கள் பாடத்துக்குப் பயன்படும். ஒன்று, பணம் போட்டவர்களுக்குத் தரவிருந்த டோக்கன் அந்தப் படியில் சொத்துப் பங்கு அல்ல, அதை எங்கே காட்சிக்கு வைக்கலாம் என்பது போன்றவற்றில் ஓட்டுரிமை மட்டுமே என்று அமைப்பே அறிவித்திருந்தது. ஏரியைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிய மூன்று உரிமைகளில் இது எது என்று கேளுங்கள். இரண்டு, ஏலத்தில் தோற்றபின் பணத்தைத் திரும்பப் பெறப் பிளாக்செயினில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. சிறிய தொகை போட்ட பலருக்குத் திரும்பி வருவதில் பெரும்பகுதியை அந்தக் கட்டணமே விழுங்கியது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

கணினி இல்லாமலே செய்யக்கூடியவை இவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடவேளை போதும்.

புளியங்கொட்டை ஓட்டு: 30 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். 25 பேருக்குத் தலா 2 கொட்டை, 5 பேருக்குத் தலா 15 கொட்டை கொடுங்கள். வகுப்பு நிதியில் நூல் வாங்குவதா, பந்து வாங்குவதா என்று ஓட்டெடுங்கள். நூலுக்கு 22 பேரும் பந்துக்கு 8 பேரும் இருந்து, அந்த 8 பேரில் 15 கொட்டை வைத்திருக்கும் ஐவரும் அடக்கம் என்றால் என்ன ஆகும்? ஆளுக்கு ஓர் ஓட்டு என்றால் நூல் வெல்லும். கொட்டைக்கு ஓர் ஓட்டு என்றால் நூலுக்கு 44, பந்துக்கு 81. எட்டுப் பேர் இருபத்திரண்டு பேரை வென்றுவிடுகிறார்கள். பிறகு, அதிகம் கொடுத்தவருக்கு அதிக ஓட்டு நியாயம் என்ற வாதத்தையும் ஓர் அணியைப் பேசச் சொல்லுங்கள். பங்குச் சந்தை நிறுவனங்கள் அப்படித்தான் நடக்கின்றன என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சங்கிலி ஏடு: வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒரே கணக்கின் நகலை ஐந்து குழுவும் எழுதட்டும். ஒவ்வொரு பக்கத்தின் மொத்தத்துடன் முந்தைய பக்கத்தின் சரிபார்ப்பு எண்ணைக் கூட்டி, 97ஆல் வகுத்து, மீதியை அந்தப் பக்கத்தின் சரிபார்ப்பு எண்ணாக எழுத வேண்டும். முதல் பக்கம் 240 என்றால் எண் 46. இரண்டாம் பக்கம் 315 என்றால் 361ஐ வகுத்து 70. மூன்றாம் பக்கம் 180 என்றால் 250ஐ வகுத்து 56. இப்போது ஒரு குழு ரகசியமாக முதல் பக்கத்தை 140 என்று மாற்றட்டும். மூன்று எண்களும் 43, 67, 53 என்று மாறிவிடும். மற்ற நான்கு குழுக்களும் உடனே கண்டுபிடிப்பார்கள். 240ஐ 337 ஆக்கினால் எண் மாறாது என்று கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் யாராவது சொல்லக்கூடும். பாராட்டுங்கள். உண்மையான பிளாக்செயினில் இப்படி மாற்று எண் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாத அளவுக்குக் கடினமான கணக்கைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி முடிக்கலாம்.

பென்சில் விதி: "இந்தச் சீட்டைக் காட்டுபவருக்கு ஒரு பென்சில் தரப்படும்" என்று எழுதி, விதிப்படி மட்டும் நடக்கும்படி ஒரு மாணவரை மேசையில் அமர்த்துங்கள். சீட்டைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை என்பதை யாராவது ஒருவர் விரைவில் கவனித்துவிடுவார். பென்சில் தீர்ந்ததும் விவாதம் தொடங்கும்: திருப்பித் தர வேண்டுமா, வேண்டாமா? புதிய விதியை எழுதுவது யார்? இதன்பின் 2016 நிகழ்வைச் சொன்னால் நன்றாகப் பதிகிறது.

தொடக்க வகுப்புகளுக்கு டாவோ என்ற சொல்லே வேண்டாம். வகுப்பு நூலகத்தின் விதிகளைக் குழந்தைகளே எழுதி, சுவரில் ஒட்டி, மாதம் ஒருமுறை கூடித் திருத்தட்டும். "எழுதுகிறோம், பார்க்கிறோம், திருத்துகிறோம்" என்ற மூன்று பழக்கங்கள் போதும்.

நம் பள்ளியிலேயே ஓர் அமைப்பு

நான்கு கேள்விகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கேட்கலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். ஓட்டு ஆளுக்கு ஒன்று. சட்டத்தில் பதில்கள் நன்றாகவே இருக்கின்றன. நடைமுறையில் எங்கள் பகுதியில் தடையாக இருப்பது நேரம். வேலைநாள் பிற்பகலில் கூட்டம் என்றால் ஷிப்டில் இருக்கும் தாயோ, களை எடுக்கப் போன தாயோ வர முடிவதில்லை. உரிமை இருந்தும் வெளியே நிற்கிறார்கள். கூட்ட நேரத்தைப் பெற்றோரிடம் கேட்டு வைப்பதும், வரவு செலவை எளிய தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், தமிழ் படிக்கத் தெரியாத தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கு வாசித்துச் சொல்வதும் நம்மால் முடிந்தவை. எந்த நிரலும் இதை நமக்காகச் செய்யாது.

பெற்றோர் கேட்டால்

டோக்கன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலீட்டு ஆலோசனை சொல்வது நம் வேலை அல்ல. சில உண்மைகளைச் சொல்லலாம். இந்தியாவில் கிரிப்டோ நாணயங்கள் சட்டப்படி செல்லும் பணம் அல்ல. அவற்றில் வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வருமான வரி விதிக்கப்பட்டது, அதே ஆண்டு ஜூலை முதல் பரிமாற்றத்தில் 1 சதவீதம் பிடித்தமும் வந்தது. வரி விதித்ததால் அரசு அதற்கு உத்தரவாதம் தருகிறது என்று பொருள் இல்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 2021இல் டாவோக்களைப் பதிவு செய்யச் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் டாவோவுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முறைகேடு நடந்தால் புகார் செய்யப் பதிவாளர் இருக்கிறார். முகம் தெரியாத அமைப்பில் பணம் போய்விட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை, பணம் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மதிப்பீட்டுக்கான வினாக்கள்

1. பாரூர் ஏரியில் சொத்துரிமை, பயன்பாட்டு உரிமை, நிர்வாக உரிமை யார் யாரிடம் உள்ளன? உங்கள் ஊர் ஏரிக்கும் எழுதுக.
2. உங்கள் வீட்டருகே உள்ள மகளிர் குழுவிடம் நான்கு கேள்விகளையும் கேட்டுப் பதில்களைத் தொகுக்க. தனிநபர்களின் கடன் விவரம் கேட்கக் கூடாது.
3. கணக்கு வெளிப்படையாக இருந்தும் தி டாவோவில் பணம் போனது ஏன்?
4. தானாக ஓடும் விதி நன்மை தரும் ஓர் இடத்தையும் மனிதர் தலையிட வேண்டிய ஓர் இடத்தையும் பால் சொசைட்டியிலிருந்து எடுத்துக்காட்டுக.
5. வகுப்பு நிதிக்கு ஐந்து விதிகள் எழுதுக. அவற்றில் ஒன்று, மற்ற நான்கையும் எப்படித் திருத்துவது என்பதாக இருக்கட்டும்.